பதினேழாம் கேபிளின் நாற்பது நாள்

மூன்றும் ஏறியிருக்கிறது. பதினாறு, பதினேழு, பதினெட்டு, மூன்றும். ஏறட்டுமே, ஏறினால் என்ன, எண் ஏறினால் கேபிள் விறைப்பாக இருக்கிறது என்றுதான் அர்த்தம், தொய்ந்தால்தானே பயப்பட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டே ஐம்பதுக்கு ஒரு மனுஷன் தயிர்சாதத்தைத் தின்றுவிட்டு நாற்காலியைச் சாய்த்து அரைக்கண் மூடவேண்டியதுதானே, எதற்கு இதைப் பிடித்து நோண்டிக்கொண்டிருக்கிறேன். நோண்டுவதுதான் என் பிழைப்பு, அது வேறு. இந்த ஆற்றுமுகத்துப் பாலத்தை அறுபத்துநான்கு கேபிள்கள் தூக்கிப் பிடித்திருக்கின்றன. ஒவ்வொரு கேபிளின் மேலும் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு சென்சார் பெட்டி. வயர் கிடையாது, பேட்டரியில் ஓடுகிறது, பேட்டரி சீக்கிரம் தீராமல் இருக்க எந்நேரமும் தூங்கும், பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை விழித்து, தன் கேபிள் விநாடிக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்று பார்த்து, அந்த எண்ணைக் காற்றிலேயே எனக்கு அனுப்பிவிட்டு மறுபடி தூங்கிவிடும். இழுத்துக் கட்டிய கேபிள் வேகமாக அதிரும், தொய்ந்த கேபிள் மெதுவாக அதிரும். துணி காயப்போடும் கொடியைச் சுண்டிப் பார்த்த யாருக்கும் இது தெரியும், ஆனாலும் இதற்காக எனக்கு இன்ஜினியர் ஞானதுரை என்று ஒரு அட்டை, தூண் காலடியில் ஒரு தகரக் கன்டெய்னர் அறை, ஒரு ஏசி, ஒரு திரை. என் உதவியாள் மிக்கேல்ராஜ் இருந்தால் ஏதாவது தொணதொணத்துக்கொண்டிருப்பான், அவன் கொழுந்தியாளுக்கு உடன்குடியில் நிச்சயதார்த்தம் என்று போய்விட்டான். அவன் இல்லாத நாளில் காலை எட்டு மணிக்குப் பாலத்து முனையில் நிற்கும் போலீஸ் ஏட்டையாவிடம் சொல்லும் வணக்கத்தோடு என் பேச்சு முடிந்துவிடும். பிறகு இந்த அறுபத்துநான்கும்தான். ஒன்றாவது இருக்கிறேன், இரண்டாவது இருக்கிறேன், மூன்றாவது இருக்கிறேன். ஐம்பத்தொரு வயசில் ஒரு ஆளிடம் நாளெல்லாம் தவறாமல் தகவல் சொல்வது இரும்புக் கயிறு மட்டும்தான் என்றால் அதை என்ன வாழ்க்கை என்று சொல்ல. சரி, அதை விடு, வெயிலைப் பார். வெயில் ஏறினால் இரும்பு நீளும், நீண்டால் கொஞ்சம் தொய்யும், மத்தியானத்துக்கு மேல் எல்லா எண்ணும் ஒரு பொட்டு இறங்கித்தான் ஆகவேண்டும். இன்று அறுபத்தொன்று இறங்கியிருக்கிறது. இந்த மூன்று மட்டும் ஏறியிருக்கிறது. அதுவும் பக்கத்துப் பக்கத்து மூன்று.

குளவியாக இருக்கும். சிரிப்பு வரவில்லை. போன ஆடிமாசம், காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில், இதே பதினேழாம் கேபிள் திடீரென்று எண் சரிந்து, இந்த அறையில் அலாரம் கூப்பாடு போட்டது. நான் பதறிப்போய்ப் பாலத்தை அடைக்கச் சொன்னேன். நான்கு மணிநேரம். ஏணி வண்டி வந்து மிக்கேல்ராஜ் மேலே ஏறிப் பார்த்தால், சென்சார் பெட்டிக்கும் கேபிளுக்கும் நடுவில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறது, கவ்வி நெகிழ்ந்து பெட்டி மட்டும் தனியாக ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. கேபிளுக்கு ஒன்றுமில்லை. கீழே இறங்கி அவன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. அன்றைக்கு மாலையே டீக்கடையில் எனக்குக் குளவி இன்ஜினியர் என்று பேர் விழுந்துவிட்டது, மீன் ஏலத்துக்குப் போகிற பெண்கள்கூட என் பைக்கைப் பார்த்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். அது போகட்டும், பேர்தானே. அந்த நான்கு மணிநேரத்தில் நெஞ்சுவலி என்று ஒரு பெரியவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். பாலம் அடைப்பு. ஆற்றுக்குக் குறுக்கே தாழப் போட்ட பழைய தாம்போதி வழியாகச் சுற்றினால் முப்பத்தெட்டு கிலோமீட்டர். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது உயிர் இல்லை. பாலம் திறந்திருந்தாலும் பிழைத்திருப்பார் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னாராம், எனக்கு அதை நாலு பேர் நாலு தடவை சொன்னார்கள், ஐந்தாவது தடவை நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். காரியம் முடிந்த மறுநாள் அவர் மகன் இங்கே வந்தார். உப்பள லாரி ஓட்டுகிறவர், மொட்டையடித்த தலை, வாசலிலேயே நின்றார். சத்தம் போடுவார் என்று நினைத்துக்கொண்டு நானும் எழுந்து நின்றேன். அவர் மெதுவாகக் கேட்டார். “எத்தன குளவி சார் இருந்துச்சு?” நான் சொன்னேன், “மூணு.” “மூணா,” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். அவர் என்னை அடித்திருக்கலாம். எத்தனையோ நாள் அதை நினைத்திருக்கிறேன், அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மூன்று மணி. வரும், இப்போது வரும், பச்சைப் பொட்டுகள் ஒவ்வொன்றாக மின்னும், பதினைந்து, பதினாறு, பதினேழு. பதினாறு 1.20. பதினேழு 1.14. பதினெட்டு 1.09. அசையவில்லை, மூன்றும் ஏறின இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. பாலத்தின் பாரம் வானத்திலிருந்து விழுவதில்லை, அறுபத்துநான்கு பேர் பங்குபோட்டுத் தூக்குகிறார்கள், ஒருத்தன் கூடுதலாகத் தூக்கினால் பக்கத்தில் எவனோ கையைத் தளர்த்திவிட்டான் என்று அர்த்தம். மூன்று பேரும் ஒரே சமயத்தில் கூடுதலாகத் தூக்கினால் தளர்த்தியவன் எங்கே? பதினைந்தைப் பார்த்தேன், பத்தொன்பதைப் பார்த்தேன், இரண்டும் நல்லபிள்ளைகளாக வெயிலுக்கு இறங்கியிருக்கின்றன. எதிர்வரிசையிலும் ஒன்றுமில்லை. கணக்கு இடிக்கிறது. இடிக்கிற கணக்கைக் கண்டால் எனக்கு உள்ளங்கை வேர்க்கும், காலேஜிலிருந்தே அப்படித்தான். பதினாறையும் பதினெட்டையும் கூட்டு. 1.20, 1.09, கூட்டினால் 2.29. அதில் பாதி 1.145. பதினேழு காட்டுவது 1.14. எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது. இவ்வளவு அழகாக ஒரு கேபிள் நிஜத்தில் பொருந்தாதே. இது கேபிள் சொன்ன எண் இல்லை, சராசரி, அதைப் போடச் சொல்லி எழுதியவன் நான். குளவி விவகாரம் முடிந்த வாரத்தில், ராத்திரி தூக்கம் வராமல், புரோகிராமில் ஒரு வரி சேர்த்தேன். ஏதாவது ஒரு சென்சார் திடீரென்று தன் அண்டைகளோடு ஒத்துப்போகாமல் எண் சொன்னால், அதை நம்பாதே, பெட்டியில் கோளாறு என்று வைத்துக்கொள், அதன் இடத்தில் இரண்டு பக்கத்துக் கேபிள்களின் சராசரியைப் போட்டுக்கொள், அலாரம் அடிக்காதே. மிக்கேல்ராஜிடம் காட்டினேன், “இனிமே குளவி வந்தாலும் நமக்கென்ன சார்,” என்றான். அதற்குப் பிறகு அலாரம் அடிக்கவே இல்லை. எவ்வளவு அமைதி. அந்த அமைதியை எல்லாரும் பாராட்டினார்கள். நானும் என்னைப் பாராட்டிக்கொண்டேன்.

சென்சார் நிஜமாக அனுப்பிய எண்கள் தனியாக ஒரு மூலப்பதிவில் விழுந்துகொண்டேதான் இருக்கும், யாரும் திறந்து பார்ப்பதில்லை, நானும் பார்த்து மாசக்கணக்காகிறது. திறக்கிறேன். மவுஸ் கை வழுக்குகிறது. பதினேழு, இன்று மூன்று மணி, 1.03. பத்து நிமிஷம் முன்னால் 1.03. நேற்று 1.04. போன ஞாயிறு 1.06. மேலே போய்க்கொண்டே இருக்கிறேன், எங்கே ஆரம்பித்தது என்று தேடி. நாற்பது நாளுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை அதிகாலை, 1.12-இலிருந்து ஒரே வீழ்ச்சியாக 1.08, அன்றைக்குத்தான் என் வரி அதன் வாயில் கையை வைத்திருக்கிறது. உள்ளே கம்பிகள் சில அறுந்திருக்க வேண்டும். அதிலிருந்து ஒவ்வொரு பத்து நிமிஷமும், ஒரு நாளைக்கு நூற்றுநாற்பத்துநான்கு தடவை, பதினேழு விழித்து விழித்துச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது, முடியவில்லை, முடியவில்லை என்று. திரையில் நான் பார்த்துக்கொண்டிருந்ததெல்லாம் பதினாறும் பதினெட்டும் சொன்னது. பதினேழு நன்றாக இருக்கிறது, பக்கத்து வீட்டில் கேட்டுச் சொன்னார்கள். எனக்கு என் மனைவி சுகிர்தா ஞாபகம் வருகிறது, இப்போது வரவேண்டிய ஞாபகமா இது. அவளுக்கு வள்ளியூர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் வந்து இரண்டு வருஷம். முதலில் வாராவாரம் வந்தாள், பிறகு மாசம் ஒரு சனிக்கிழமை, பிறகு பரீட்சைப் பேப்பர் திருத்த வேண்டியிருந்தது. சண்டை என்று ஒன்றுமில்லை, பிள்ளைகுட்டியும் இல்லை, சண்டை போட்டிருந்தால் சமாதானமாவது ஆகியிருக்கலாம். ராத்திரி எட்டு மணிக்குப் போன் வரும். சாப்பிட்டீங்களா. ம். மாத்திரை போட்டீங்களா. ம். போன மாசம் அடுத்த வீட்டு லூர்து அக்கா மாடிப்படியில் நிறுத்திச் சொன்னார்கள், “சுகிர்தா டீச்சர் போன் போட்டாவ, அவுக எப்பிடி இருக்காகன்னு கேட்டாவ. நல்லாத்தான் இருக்காக, ராத்திரி பத்து மணி வரைக்கும் லைட் எரியுது, டிவி சத்தம் கேக்குன்னு சொல்லிட்டேன்.” சிரித்துக்கொண்டு தலையாட்டிவிட்டுப் போய்விட்டேன். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. ம் என்று மட்டும் சொல்கிறவனைப் பற்றி அக்கம்பக்கத்தில் கேட்காமல் வேறு என்ன செய்வாள். டிவியை நான் சத்தத்துக்காகத்தான் போட்டுவைப்பேன், பார்ப்பதில்லை.

மூன்று பத்து. 1.03. இன்னும் ஒரு ரீடிங் பார்த்துவிடலாம். எதற்கு? ஒரு ரீடிங்தானே. குளவியாக இருந்தால்? சரி, குளவி என்றே வைத்துக்கொள், பதினேழாம் பெட்டியில் குளவி கூடு கட்டினால் பதினாறும் பதினெட்டும் ஏன் விறைக்கின்றன, குளவி என்ன பாரமா தூக்குகிறது? அவை விறைத்ததுதான் சாட்சி. பதினேழு தன் இழுவையில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கை விட்டுவிட்டது, அதை இரண்டு பக்கத்திலும் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள். இதைவிடத் தெளிவாக ஒரு பாலம் மனுஷனிடம் சொல்லாது. ஆனால் இன்னும் ஒரு ரீடிங். ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், வடகரையில் மாதா கோயில் கொடியேற்றம் இன்று, நாலு மணியிலிருந்து பஸ் விடுகிறார்கள், சுற்றுவட்டாரச் சனம் முழுக்க இந்தப் பாலத்தில்தான் போகும், கொடி ஏறும்போது பாலத்திலேயே வண்டியை நிறுத்தி இறங்கி நின்று பார்ப்பார்கள், வருஷாவருஷம் அப்படித்தான், ஏட்டையா விசிலூதித் தொண்டை கட்டிக்கொள்வார். இப்போதே வேன்கள் தொடங்கிவிட்டன, நீலத்துணி கட்டின வேன், பாட்டு, பிள்ளைகள் ஜன்னலில் கையை நீட்டிக்கொண்டு. ஒரு கேபிள் போனால் பாலம் விழாது, ஒரு கேபிள் போனாலும் தாங்கும்படிதான் கட்டியிருக்கிறார்கள், படித்திருக்கிறேன். நின்றுபோன கூட்டத்தின் பாரத்தோடு, அது தெறித்து அறுகிற அதிர்ச்சியில், ஏற்கெனவே கூடுதலாகத் தூக்கிக்கொண்டிருக்கிற பதினாறு என்ன செய்யும் என்று படிக்கவில்லை. மதிவாணன் சாருக்குப் போன் போடுகிறேன், எங்கள் செயற்பொறியாளர், ஞாயிற்றுக்கிழமை, முழுக்க அடித்து ஓய்கிறது. மறுபடி போடுகிறேன். அலாரம் அடித்தால் யாரையும் கேட்காமல் நானே பாலத்தை அடைக்கலாம், அடிக்காவிட்டால் அவர் எழுத்தில் சொல்ல வேண்டும், அதுதான் விதி. அலாரத்தின் கழுத்தை நான்தான் நெரித்துவைத்திருக்கிறேன், இப்போது அது அடிக்கவில்லையே என்று விதியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சாருக்கு மெசேஜ் அனுப்புகிறேன். ஒரு டிக். மூன்று இருபது. 1.03. இன்னும் ஒரு ரீடிங். எனக்குப் பயமாக இருக்கிறது. பாலம் விழுந்துவிடும் என்று பயந்தால் அதில் ஒரு மரியாதை உண்டு, எனக்கு அந்தப் பயம் இரண்டாவதுதான். வழியில் யாரோ ஒருத்தர் இந்நேரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறிக்கொண்டிருப்பார், இன்னொரு மகன் வந்து அந்த வாசலில் நிற்பான் என்ற பயம்தான் முதலில் வருகிறது. அதற்கும் முன்னால், வெட்கத்தைவிட்டுச் சொன்னால், டீக்கடை. ஐம்பத்தொரு வயசில் டீக்கடைச் சிரிப்புக்குப் பயந்து கையைக் கட்டிக்கொண்டிருக்கிறேன், பாலத்து மேல் பிள்ளைகள் பாடிக்கொண்டு போகிறார்கள். த்தூ.

ஏட்டையா முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். தென்முனை அவுட்போஸ்ட், பின்னால் விசிலும் ஹாரனும். “ஏட்டையா, ஞானதுரை பேசுதேன். பாலத்த அடைக்கணும். ரெண்டு பக்கமும்.” உலகநாதன் ஏட்டையா சத்தத்தைவிட்டு விலகி வந்து கேட்டார். “என்ன சார் வெளையாடுதியளா? இன்னிக்குக் கொடியேத்தம். சனம் என்னய உண்டு இல்லன்னு ஆக்கிப்புடும்.” “தெரியும். அடைங்க.” “அலாரம் அடிச்சுதா?” அதைத்தான் கேட்பார் என்று தெரியும். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. “அடிக்கல ஏட்டையா.” “பெரிய சார் ஆர்டர் இருக்கா?” “இல்ல. போன் எடுக்கல.” “பெறவு யாரு சொல்லி அடைக்க?” “நான் சொல்லுதேன். ஞானதுரை சொன்னான்னு டைரில எழுதிக்கோங்க, நேரம் போட்டு எழுதுங்க. ஒண்ணு மட்டும் செய்யணும், அடைக்கும்போதே தாம்போதிப் பக்கம் ஒரு ஆம்புலன்ஸ நிப்பாட்டச் சொல்லுங்க. யாராச்சும் முடியாதவுகளக் கொண்டுவந்தா திருப்பி அனுப்பக் கூடாது, எனக்குப் போன் போடுங்க, ஒத்த வண்டிய நானே கூட நடந்து கடத்திவிடுதேன்.” அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. “நல்லாத் தெரியுமா சார்? போன மொறை மாதிரி...” என்று இழுத்தார், முடிக்கவில்லை, நல்ல மனுஷன். “கேபிள் தொய்ஞ்சிருக்கு ஏட்டையா. அது நிச்சயம். எப்ப என்ன ஆகும்னு கேட்டா எனக்குத் தெரியாது.” “சரி. வடக்குப் பக்கம் மைக்ல சொல்லுதேன்,” என்று வைத்துவிட்டார். தண்ணீர் குடித்தேன், சட்டையெல்லாம் சிந்தியது. பாலத்திலிருந்த கடைசி வேன் வடகரைக்குள் இறங்கியதும், இந்தத் தூணடியில் எந்நேரமும் உறுமிக்கொண்டிருக்கும் சத்தம் நின்றுபோயிற்று, ஆறு வருஷத்தில் இரண்டாம் தடவை.

பெட்டி சொன்னதை நம்பி ஒருமுறை ஏமாந்தேன், நம்பாமல் ஒருமுறை ஏமாந்தேன், இந்தத் தடவை கையாலேயே பார்த்துவிடலாம் என்று படியேறிப் பாலத்துக்கு வந்தேன். வெயில் தாரில் கொதிக்கிறது. இவ்வளவு பெரிய சாலையில் நான் ஒருத்தன், இரண்டு முனையிலும் அடைத்த கம்பிக்குப் பின்னால் சனம் கரும்புள்ளியாய்த் திரண்டு நிற்கிறது, தென்முனையிலிருந்து யாரோ குளவீ என்று நீட்டிக் கூப்பிடுவது காற்றில் வந்தது, அதற்குப் பிறகு சிரிப்பு. கேட்டுக்கொண்டே நடந்தேன். பதினேழாம் கேபிளின் வெள்ளை உறை சுட்டது. அடிப்பக்கத்தில் கை எட்டுகிற உயரத்தில் இரண்டு கையையும் வைத்து, ஊஞ்சலைத் தள்ளுகிற மாதிரி, அது திரும்பி வரும்போதெல்லாம் தள்ளித் தள்ளி ஆட்டினேன். முதலில் அசையவே அசையாது, பொறுமையாக அதன் போக்குக்கே தள்ளிக்கொண்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் பனைமர உயரத்துக்கு மேலே மெல்ல ஆடத் தொடங்கும். பிறகு உள்ளங்கையை வைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்து, ஒரு நிமிஷத்துக்கு எத்தனை தடவை வந்து கையில் இடிக்கிறது என்று எண்ண வேண்டும். பழைய 1.12 கணக்குக்கு அறுபத்தேழு வரவேண்டும். அறுபத்திரண்டு வந்தது. மறுபடி எண்ணினேன், அறுபத்திரண்டு. மூன்றாம் முறை எண்ணும்போது கண்ணில் நீர் வழிந்தது, வேர்வையும் சேர்ந்து எரிந்தது, எண்ணிக்கை மட்டும் தவறவில்லை. அறுபத்திரண்டு. நீ பொய் சொல்லவில்லை என்று அதனிடம் சத்தமாகவே சொன்னேன், கேட்க யாரும் இல்லை.

அப்போதுதான் மதிவாணன் சார் போன் வந்தது. எல்லாம் சொன்னேன், எண்ணியதைச் சொன்னேன், மூலப்பதிவைப் போட்டோ எடுத்து அனுப்பியிருப்பதைச் சொன்னேன். அவர் பார்த்துவிட்டு மறுபடி கூப்பிட்டார். குரலே மாறியிருந்தது. “ஞானதுரை, நீங்க என்ன காரியம் பண்ணியிருக்கீங்க தெரியுமா? இன்னும் ஒரு மணி நேரத்துல அத்தனை பஸ் நின்னிருக்கும். கலெக்டர்கிட்ட உங்க பேரைத்தான் சொல்லப்போறேன். சென்சார் அமைப்பு சரியா வேலை செஞ்சுது, நம்ம இன்ஜினியர் உடனே நடவடிக்கை எடுத்தாருன்னு அறிக்கை போட்டுடலாம்.” கேபிள் இன்னும் லேசாக ஆடிக்கொண்டுதான் இருந்தது. “சரியா வேல செய்யல சார். நாப்பது நாளா சொல்லிக்கிட்டுத்தான் இருந்துச்சு. நான் எழுதின வரிதான் அத மறைச்சுப்போட்டுது.” அவர் குரலைத் தாழ்த்தினார். “புரியுது. அந்த வரியை இப்பவே எடுத்துடுங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகல இல்ல, அதோட விடுங்க. அதையெல்லாம் அறிக்கையில போட்டா உங்க வேலையே போயிடும், யோசிங்க.” எனக்கும் அந்த ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். டீக்கடையில் எழுந்து நின்று வணக்கம் சொல்வார்கள். “இல்ல சார், போடுங்க. என் பேரப் போட்டே எழுதுங்க. தப்பு அலாரம் வராம இருக்க நல்ல வழின்னு போன மார்ச்சுல அந்த வரிய மத்த ரெண்டு பாலத்துக்கும் நாமதான சார் அனுப்பிவச்சோம்.” மணி நாலாகப் போகிறது, அந்த இரண்டு பாலத்திலும் இந்நேரம் வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கும்.